ஜன்னல் துடைக்கும் தம்பியும் கைப்பேசிப் பட்டனும்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் தண்ணீர், லோக்கல் ரயில் கூட்டம், ஊருக்குப் போக ரிசர்வேஷன் என்று பேச்சு போகும். இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஜன்னலை யார் துடைப்பது? இதை ஒரு கட்டுரைக்கான விஷயமாக நான் சொன்னபோது நம் இதழின் ஆசிரியர் குழுவில் ஒருவர் சிரித்தார். ஆனால் சிரித்தவரும் பதினோராவது மாடியில் குடியிருப்பவர்தான். அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கை எட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

ரயில்வே குவார்ட்டர்ஸிலும் பழைய சால்களிலும் வாழ்ந்தவர்களுக்கு ஜன்னல் ஒரு தொல்லையாகவே இருந்ததில்லை. மரக் கதவு, நடுவில் இரும்புக் கம்பி. கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் கைக்கு வரும். வீட்டு அம்மாள் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. ரீடெவலப்மென்ட் வந்தது, பழைய நான்கு மாடிகள் இடிந்து பதினாறு மாடிகள் எழுந்தன, கூடவே சுவருக்குச் சுவர் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலும் வந்தது. கம்பி கிடையாது. கண்ணாடி ஒன்றன் பின்னால் ஒன்றாக நகரும். உள்பக்கம் பளபளக்கும். வெளிப்பக்கத்தில் மழைக்கறை, பக்கத்து மனையில் இடிக்கும் கட்டடத்தின் சிமெண்ட் தூசி, புறாவின் உபயம் எல்லாம் படிந்திருக்கும். செம்பூர்வாசிகளுக்கு இவற்றோடு ஆலைப் புகையும் உண்டு.

இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். 1981ல் பாலிடெக்னிக் டிப்ளமோவோடு அப்ரண்டிஸ் டி.எக்ஸ்.ஆர். ஆகச் சேர்ந்து, மாட்டுங்கா ஒர்க் ஷாப்பிலும் வாடிபந்தர் பிட் லைனிலுமாக வேலை பார்த்து, 2019ல் சீனியர் செக்ஷன் என்ஜினீயராக ஓய்வு பெற்றவன் நான். கேரேஜ் அண்டு வேகன் பிரிவு. ஒரு ரேக்கில் இருபதுக்கு மேல் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் வரிசையாக ஜன்னல்கள். என் வாழ்நாளில் நான் பார்வையிட்ட ஜன்னல்களை எண்ணினால் லட்சக்கணக்கில் போகும். பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் கண்ணாடியில் ஒட்டி, மழையில் துருப்பிடித்து, தேநீர் நிறத்தில் கறையாக நிற்கும். அதைத் துடைத்து எடுக்கிற கஷ்டம் துடைத்தவனுக்குத்தான் தெரியும்.

அங்கே கற்ற பாடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டிலும் உபயோகப்படும். கண்ணாடியைக் கெடுப்பது பாதி தூசி என்றால் மீதிப் பாதி தண்ணீர். சொட்டு காய்ந்தால் தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து வட்டமாக நின்றுவிடும். மும்பை ஏரித் தண்ணீர் ஒரளவு மென்மையானது, அதனால் பெரிய கெடுதல் இல்லை. டாங்கர் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் அப்படியல்ல. நம் வீட்டு மாமிகள் சிலர் சிக்கனமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில் ஜன்னலைக் கழுவுகிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக்கு வேண்டாம். கடைசிக் கழுவலுக்கு அரை வாளி ஆர்.ஓ. நல்ல தண்ணீர் கொடுத்தால் போதும், கறை நிற்காது. இங்கிலாந்தில் ஜன்னல் துடைப்பவர்கள் உப்பு நீக்கிய தண்ணீரை நீண்ட கம்பத்தின் வழியே மேலே ஏற்றி, தரையில் நின்றபடியே மூன்று நான்கு மாடி வரை கழுவிவிடுகிறார்கள். துடைப்பதுகூட இல்லை, அது தானாகக் காய்ந்து தெளிவாக நிற்கிறது. நமது பதினாறு மாடிக்கு அந்த வித்தை எட்டாது.

நிற்க. ஆளைப் பிடிப்பது எப்படி?

முன்பு வாட்ச்மேனிடம் சொன்னால் ஒருவனை அழைத்து வருவான். 1996ல் மும்பையில் வி.எஸ்.எஸ். மணி அவர்கள் தொடங்கிய ஜஸ்ட் டயல், தொலைபேசியில் கேட்டால் பெயரும் எண்ணும் சொல்லும் சேவையாக வந்தது. அதில் எண் கிடைக்கும், பேரம் நம்முடையது. 2014ல் அர்பன்கிளாப் தொடங்கியது. ஆரம்பத்தில் அதுவும் கிட்டத்தட்ட தரகு வேலைதான். வாடிக்கையாளரின் தேவையைப் பல தொழிலாளிகளுக்குத் தெரிவித்தது, பேசிக்கொள்வது அவரவர் பாடு. பிறகு விலையையும் நேரத்தையும் வேலை முறையையும் அந்தக் கம்பெனியே நிர்ணயிக்க ஆரம்பித்தது. 2020ல் பெயரை அர்பன் கம்பெனி என்று மாற்றிக்கொண்டது, 2025 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. அதே 2025ல் கால் மணி நேரத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவையையும் மும்பையில் ஆரம்பித்தார்கள். இன்னும் பல கம்பெனிகள் அதே களத்தில் இறங்கியிருக்கின்றன. கைப்பேசியில் பட்டனைத் தட்ட வேண்டியது, கதவைத் திறக்க வேண்டியது, அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் ஆள் வாசலில் நிற்கிறார் என்று என் மருமகள் பெருமையாகச் சொல்கிறாள். உண்மைதான். நான் குறை சொல்லவில்லை. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இது எவ்வளவு ஒத்தாசை என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வருகிறவரின் அடையாளம் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது, விலை முன்கூட்டியே தெரிகிறது, வேலை சரியில்லை என்றால் புகார் சொல்ல ஒரு இடம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு செயலி மூலம் ஜன்னல் துடைக்க ஆள் அழைத்தேன். கம்பெனியின் பெயர் இங்கே முக்கியமில்லை. வந்தவர் ஜவுன்பூர் ஜில்லாவைச் சேர்ந்த இளைஞர். சீருடை, தோளில் மூட்டை, கையில் சிறிய வாக்குவம் மெஷின். வேலை சுத்தமாகவே இருந்தது. முடித்துவிட்டுக் கைகூப்பி, “அங்கிள்ஜி, அஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுங்கள்” என்று ஹிந்தியில் கேட்டார். டீ கொடுத்து உட்கார வைத்து விசாரித்தேன். விசாரிக்கும் பழக்கம் உத்தியோகத்தில் வந்தது, பென்ஷனோடு போகவில்லை.

நான் கட்டியது 1,149 ரூபாய். அவர் கைக்கு வருவது எண்ணூறுக்குக் கொஞ்சம் மேல் என்றார். கழுவும் மருந்து, துணி, சீருடை எல்லாம் கம்பெனியிடமே விலைக்கு வாங்க வேண்டும். பெட்ரோல் அவருடையது, மோட்டார் சைக்கிளின் மாதத் தவணையும் அவருடையது. நல்ல மாதத்தில் 24,000 வரை பார்ப்பாராம், மோசமான மாதத்தில் 14,000 தாண்டாதாம். நட்சத்திரச் சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் ஐ.டி.யை நிறுத்திவிடுவார்கள். ஐ.டி. நின்றால் வேலை நின்றது. மேலே யாரைப் பார்ப்பது என்றேன். செயலியில் ஒரு பட்டன் இருக்கிறது என்றார்.

இந்த நட்சத்திர விவகாரம் எனக்குப் புதிதல்ல. ஓடும் வண்டியில் துப்புரவு செய்யும் ஒப்பந்தம் ரயில்வேயில் வந்தபோது பயணிகளிடம் படிவம் வாங்கி மதிப்பெண் போடும் முறையும் வந்தது. மதிப்பெண் குறைந்தால் ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்தம். அந்தப் படிவங்களைக் கட்டுக் கட்டாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வண்டி மூன்று மணி நேரம் லேட்டானால் கழிப்பறைக்கு மதிப்பெண் குறையும். சாம்பாரில் உப்பில்லை என்றாலும் கழிப்பறைக்குத்தான் குறையும். பயணி கோபத்தைக் காட்ட கையில் கிடைத்தது அந்தத் தாள், அவ்வளவே. ஆனால் அங்கே பிடித்தம் ஒப்பந்தக்காரருக்கு. இங்கே அடி நேராகத் துடைப்பவன் தலையில் விழுகிறது.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு ஆறு வருஷமாக வருகிற தாராவித் தம்பி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாட்டனார் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர், அப்பா மில்லில் இருந்தார், இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி. தமிழும் மராட்டியும் ஹிந்தியும் ஒரே வேகத்தில் பேசுவார். எங்கள் கட்டடத்தையும் பக்கத்து இரண்டு கட்டடங்களையும் சேர்த்து 64 வீடு அவருடைய லைன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீடும். மாதத்துக்கு 32 வீடு, வீட்டுக்கு 600 ரூபாய், ஆக 19,200. ஐந்து கடை, வாரம் ஒரு முறை, கடைக்கு 150. அது 3,000. மொத்தம் 22,200. ஜவுன்பூர் இளைஞரின் நல்ல மாதத்தைவிடக் குறைவுதான். ஆனால் இவருக்கு மோட்டார் சைக்கிள் இல்லை, தவணை இல்லை, கமிஷன் இல்லை. சயானிலிருந்து ஒரு பஸ், மீதி லிஃப்ட்.

ரயில்வேயில் லைட் என்ஜின் என்று ஒன்று உண்டு. பெட்டி எதையும் இழுக்காமல் என்ஜின் மட்டும் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும். டீசலும் மின்சாரமும் செலவாகும், டிரைவருக்குச் சம்பளம் உண்டு, வருமானம் பூஜ்யம். கன்ட்ரோல் ஆபீஸின் சாமர்த்தியமே லைட் என்ஜின் ஓட்டத்தைக் குறைப்பதில்தான். ஜவுன்பூர் இளைஞர் அன்று காட்கோபரில் ஒரு வீடு முடித்து எங்களிடம் வந்தார், அடுத்தது வாஷி. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும்வரை ஒன்பது மணி நேரம், அதில் கண்ணாடியில் கை பட்டது நாலரை மணி நேரம். மீதிப் பாதி லைட் என்ஜின். அந்த ஓட்டத்தின் செலவு கம்பெனியின் கணக்கில் எங்கும் வராது, ஓட்டுகிறவரின் கணக்கில்தான் வரும். தாராவித் தம்பி காலை 9 மணிக்கு முதல் வீடு, 11 மணிக்கு அதே கட்டடத்தில் மூன்று மாடி கீழே அடுத்த வீடு. ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். சாயங்காலம் கடைகள்.

இப்படி நெருக்கமாக அமைந்த லைனுக்கு மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் இதை ரவுண்டு என்கிறார்கள். ஜன்னல் துடைப்பவர் ஓய்வு பெறும்போது தன் ரவுண்டை விலைக்கு விற்கிறார், வாங்குகிறவர் வாடிக்கையாளர்களோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார். நம் ஊரில் பேப்பர் போடுகிறவரின் லைனுக்கும் காலையில் கார் துடைக்கிறவரின் லைனுக்கும் அப்படி ஒரு எழுதாத பாத்தியதை இருப்பது எல்லோருக்கும் தெரியும். செயலியில் வருகிறவருக்கு அது கிடையாது. மூன்று வருஷம் உழைத்தாலும் ஒரு வீடும் அவருடையதல்ல. வாடிக்கையாளர் கம்பெனியின் சொத்து. அடுத்த முறை நான் பட்டனைத் தட்டினால் அவரே வருவார் என்ற நிச்சயமும் இல்லை.

தம்பியின் கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பித்தளைப் பிடியில் ரப்பர் பட்டை வைத்த ஸ்க்வீஜி ஒன்று வைத்திருக்கிறார், உயிரைப்போலக் காப்பாற்றுகிறார். இந்த வடிவத்தை 1930களில் அமெரிக்காவின் ஓக்லண்டில் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் உருவாக்கினார். அவரும் பிழைக்கப் போன இடத்தில் ஜன்னல் துடைத்தவர்தான். மேலிருந்து கீழே பாம்பு நெளிவதுபோல ஒரே இழுப்பில் இழுத்தால் ஒரு கோடு விழாது. எனக்கு ஆறு மாதமாகியும் வரவில்லை. “கைய அழுத்தாதீங்க சார், ரப்பரே பாத்துக்கிடும்” என்கிறார்.

போன வருஷம் மே மாதம் சொஸைட்டி கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. கேட்டில் வருகிறவர்களைப் பதிவு செய்ய ஏற்கெனவே ஒரு செயலி போட்டிருக்கிறார்கள். அதோடு சேர்த்து, துப்புரவு வேலை முழுவதையும் ஒரு புக்கிங் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம். 84 வீட்டுக்கும் தள்ளுபடி விலை கிடைக்கும், வெளி ஆட்கள் வருவது நிற்கும், பொறுப்பு கம்பெனியுடையது. செகரட்டரி இளைஞர், நல்லவர், ஐ.டி. கம்பெனியில் வேலை. வழவழப்பான தாளில் அச்சடித்த விலைப்பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். வெளி ஆட்கள் என்ற சொல்லில் தாராவித் தம்பியும் அடக்கம் என்பது கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே விஷயம் வாட்ச்மேன் மூலம் அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் என் வீட்டு முறை இல்லை. இருந்தும் மேலே வந்தார். “சார், கம்பெனிலயே சேந்துக்கோங்கிறாங்க. சேரலாம். ஆனா இந்த மூணு பில்டிங்கும் எனக்குத்தான் தருவான்னு யார் சொல்வாங்க? என்னைய டோம்பிவ்லிக்கு அனுப்பிட்டு, டோம்பிவ்லிக்காரனை இங்க அனுப்புவான்” என்றார். பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், காலைப் பள்ளி. ஒரு மணிக்கு வேலை முடிந்து போய் அவனை அழைத்துக்கொள்வது இவர்தான், மனைவி மருத்துவமனையில் ஆயா வேலை. லைன் போனால் அந்த ஏற்பாடும் போகும். “தம்பி, உட்காருங்க, பார்ப்போம்” என்றேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

கூட்டத்தில் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. பொறுப்பு கம்பெனியுடையது என்ற வாக்கியத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடத்தில் தீபாவளிக்கு முன் ஒரு பையன் ஜன்னல் வழியே வெளியே இறங்கி, சஜ்ஜாவில் நின்று கண்ணாடி துடைத்தான். வீட்டுக்காரரே மூலையில் இன்னும் கறை இருக்கிறது என்று காட்டியதாகக் கேள்வி. ஈரமான சஜ்ஜா, பாசி. இரண்டாவது மாடி என்பதால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு போயிற்று. செயலி மூலம் வந்தவன். அந்தக் கம்பெனி, அவன் எங்கள் ஊழியன் அல்ல, பார்ட்னர் என்றது. சொஸைட்டி, எங்களுக்கும் அவனுக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது. வீட்டுக்காரர், நான் கம்பெனிக்குப் பணம் கட்டினேன் என்றார். மூன்று பேர் சொன்னதும் காகிதப்படி சரியாகவே இருந்தது. கடைசியில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள்.

பிட் லைனில் ரேக் வந்து நின்றதும் டி.எக்ஸ்.ஆர். முதலில் செய்யும் காரியம், இரு முனையிலும் சிவப்புக் கொடி வைப்பது. இரவானால் சிவப்பு விளக்கு. அடியில் ஆள் வேலை செய்கிறான் என்று அர்த்தம். கொடி இருக்கும்வரை ஜெனரல் மேனேஜரே வந்தாலும் வண்டி ஒரு அங்குலம் நகராது. வைத்தவர்தான் எடுக்க வேண்டும். ஆள் டிபார்ட்மென்ட் ஊழியனா, ஒப்பந்தக்காரரின் ஆளா, தினக்கூலியா என்று கொடி கேட்பதில்லை. ஏழாவது மாடி சஜ்ஜாவில் ஒருவன் இறங்கும்போது கொடி யார் கையில் இருக்கிறது என்று கமிட்டியில் கேட்டேன். செகரட்டரி விலைப்பட்டியலைப் புரட்டினார். அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், சேவையின்போது நேரும் விபத்துகளுக்கு வாடிக்கையாளரின் வளாகமே பொறுப்பு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

நம் பிள்ளைகள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் 2012ல் வீட்டுப் பணிப்பெண்கள் சிலர் ஜன்னல் துடைக்கும்போது விழுந்து இறந்த பிறகு அரசு விதி கொண்டுவந்தது. ஜன்னலின் வெளிப்பக்கம் துடைக்க வேண்டுமானால் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், எஜமானரோ அவர் சார்பில் ஒரு பெரியவரோ கூடவே நின்று மேற்பார்க்க வேண்டும். இல்லையென்றால் துடைக்கச் சொல்லக்கூடாது. நம் கட்டடங்களில் அப்படிக் கண்டிப்பாக ஒருவரும் சொல்வதில்லை. கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்பவனுக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுப்பது என்ற கேள்விக்கு மகாராஷ்டிரம் 1969லேயே ஒரு விடை கண்டது. மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கான மாத்தாடிச் சட்டம். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. வியாபாரி கூலியையும் அதன்மேல் ஒரு லெவியையும் வாரியத்தில் கட்ட வேண்டும். அந்த லெவியிலிருந்து சேமநிதி, பணிக்கொடை, மருத்துவம் எல்லாம். இன்று எந்தக் கடை மூட்டை, நாளை எந்தக் கடை மூட்டை என்பது முக்கியமில்லை. வாஷி மார்க்கெட் பக்கம் போயிருப்பவர்கள் அந்தத் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள்.

செயலித் தொழிலாளிகளுக்கு வந்திருக்கும் புதிய சட்டங்களிலும் இதே வாசனை அடிக்கிறது. நிதி ஆயோக் 2022ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2020-21ல் இப்படிப்பட்ட தொழிலாளிகள் 77 லட்சம், 2029-30ல் 2.35 கோடி ஆவார்கள் என்பது மதிப்பீடு. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் கூடி, கமிஷன் அதிகம் என்று போராடினார்கள். கம்பெனி கமிஷனில் சில குறைப்புகளை அறிவித்தது. டிசம்பரில் மறுபடி போராட்டம் எழுந்தது, கம்பெனி நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2023ல் ராஜஸ்தான் தனிச் சட்டம் இயற்றியது, அதே வருஷம் தமிழ்நாடு நலவாரியம் அமைத்தது, 2025ல் கர்நாடகமும் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசின் 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி இந்தக் கம்பெனிகள் ஆண்டு வரவு செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதம் என்பது அதற்கு உச்சவரம்பு.

இதில் ஒரு வேடிக்கை. ஜவுன்பூர் இளைஞருக்கு இந்த நிதியில் இடம் உண்டு. தாராவித் தம்பிக்கு இல்லை, ஏனென்றால் அவருக்கு மேலே கம்பெனி இல்லை. தன் காலில் நிற்பவனுக்கு லெவி கட்ட ஆள் கிடையாது. அவர் அமைப்புசாராத் தொழிலாளி என்ற பெரிய சமுத்திரத்தில் ஒருவர். அதற்கென்று 2021ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு இருக்கிறது, 16 முதல் 59 வயது வரை சேரலாம், பன்னிரண்டு இலக்க எண் கொடுப்பார்கள். விபத்துக்குப் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். வருஷத்துக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள், விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 2 லட்சம் என்பது மும்பையில் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்காதீர்கள். இரண்டும் அவரிடம் இருக்கவில்லை. வங்கியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அதற்கு ஒரு அரை நாள் வேலை போகும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

கமிட்டி மூன்று கூட்டம் கூடியது. தள்ளுபடியை விட மனமில்லாதவர்கள் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, மெயின்டனன்ஸ் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் முடிவு இது. எந்தக் கம்பெனிக்கும் ஏகபோகம் கிடையாது, செயலி வேண்டியவர் செயலியில் கூப்பிடலாம், லைன்காரர் வேண்டியவர் அவரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருவருக்கும் ஒரே விதி, நான் எழுதிக் கொடுத்தது, லிஃப்டுக்குப் பக்கத்தில் மராட்டியிலும் ஹிந்தியிலும் ஒட்டியிருக்கிறது. சஜ்ஜாவில் இறங்கக்கூடாது, இறங்கச் சொல்லவும் கூடாது. ஸ்லைடிங் கதவைக் கழற்றுவதானால் உள்ளே இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. முதலில் உள் தடத்துக் கதவை மேலே தூக்கி, அடியை உள்பக்கம் இழுத்து இறக்கித் தரையில் வைத்துக் கழுவ வேண்டும், பிறகு வெளித் தடத்துக் கதவை. நகராத கண்ணாடிக்கு உள்ளே நின்றபடி கம்பம் எட்டும் வரைதான், எட்டாத மூலை அழுக்காகவே இருக்கட்டும். மீறினால் வேலைக்காரருக்கு அல்ல, அந்த வீட்டுக்கு 2,000 ரூபாய் அபராதம். கடைசி வரிக்குத்தான் அதிக எதிர்ப்பு. ஒரு ஓட்டில் தேறியது.

அதன் பிறகு மூன்று வீடு அவரை விட்டுச் செயலிக்குப் போயிற்று. 61 வீடு இருக்கிறது. கதவு பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று அக்காள் மகனை அழைத்து வருகிறார். அந்தப் பையனுக்கு ஸ்க்வீஜி என்னைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருவரையும் ஒரு சனிக்கிழமை சொஸைட்டி ஆபீஸில் உட்கார வைத்து, செகரட்டரியே தன் லேப்டாப்பில் இ-ஷ்ரம் பதிவு செய்து கொடுத்தார். 20 ரூபாய்ப் படிவத்தை நான் வங்கிக்குக் கூடவே போய் வாங்கித் தந்தேன்.

செம்பூர், திலக் நகர் பக்கம் நம் சங்க உறுப்பினர்கள் யாருக்காவது அவர் தேவைப்பட்டால் என்னிடம் சொல்லுங்கள். ஆனால் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் அவரிடம் இடமிருக்காது, நவராத்திரிக் கொலு எடுத்து வைக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். அரை வாளி ஆர்.ஓ. தண்ணீரும் பிடித்து வையுங்கள்.